வெந்நீர் வரலைன்னு 3 ஸ்டார்: திருப்பி எழுதலாமா?

ஏற்காடு வீட்டுக்கு வந்த முதல் விருந்தினரே "வெந்நீர் வரல"ன்னு 3 ஸ்டார் போட்டுட்டாங்க, பதிலுக்கு அவங்களைப் பத்தி எழுதலாமான்னு கேட்டிருக்கீங்க. முடியாதுங்க. வீட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விடற ஏர்பிஎன்பி தளத்துல ரெண்டு தரப்பும் எழுதினாலோ, 14 நாள் முடிஞ்சாலோதான் விமர்சனம் கண்ணுக்கே தெரியும்; அதைப் பார்த்தப்புறம் நீங்க அவங்களைப் பத்தி எழுத வழியில்ல. பழிவாங்கி எழுதக் கூடாதுன்னுதான் 2014லேயே அப்படி மாத்தினாங்க.

ஆனா அவங்க விமர்சனத்துக்குக் கீழே எல்லாரும் பார்க்கற மாதிரி பொதுப் பதில் போடலாம், 30 நாள் இருக்கு. "கீசர்ல காயில் போயிருந்தது, மாத்திட்டோம். குளிக்க 20 நிமிஷம் முன்னாடி சுவிட்ச் போடுங்க." அவ்வளவே போதும். படிக்கப்போறது அடுத்து வர்றவங்க.

நான் ரூம் தேடும்போது முதல்ல 3 ஸ்டாரைத்தான் படிப்பேன். "சூப்பர் ஸ்டே"யை வெச்சு என்ன பண்றது? "மாடிப்படி செங்குத்து, அம்மா ஏற முடியல"ன்னு ஒருத்தர் எழுதியிருந்ததாலதான் கீழ்த்தள அறை கேட்டு வாங்கினேன்.