பழைய எம்ஜிபி காருக்குள் எல்ஈடி லைற் போடலாமா?

கிளிநொச்சியில் 1965ஆம் ஆண்டு எம்ஜிபி (பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கும் தம்பி, உள்ளே எல்ஈடி பட்டி ஒட்டலாமா என்று கேட்கிறார். தாராளமாக ஒட்டலாம். ஆனால் முதலில் சீற்றுக்குப் பின்னாலுள்ள பற்றரியைப் பாருங்கள். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு, சேர்ந்திருப்பது பற்றரியின் பிளஸ் முனை. யாராவது பிறகு அதை மைனஸுக்கு மாற்றியும் இருக்கலாம். குண்டு பல்புக்கு எப்படியென்றாலும் சரி. எல்ஈடி தலைகீழாகப் பூட்டினால் எரியாது. மாற்றாத காரென்றால் பட்டியின் பிளஸ் வயரைச் சுவிட்ச் வழியாகப் பொடிக்கும், மைனஸைப் பியூசிலிருந்து வரும் ஊதா வயருக்கும் கொடுங்கள். அங்குள்ள பியூஸ் 35 அம்பியர், மெல்லிய வயர் அதற்கு முன்னமே கருகிவிடும். அதனால் தனியாக 1 அம்பியர் பியூஸ் கட்டாயம் போடுங்கள். கதவுச் சுவிட்ச் வேண்டாம், வன்னிச் செம்மண் புழுதி அதில் அடைந்துவிடும். டாஷ்போர்டுக்குக் கீழே கைச் சுவிட்சே நல்லது. நிறம் மஞ்சளாகவே இருக்கட்டும்.