நர்ஸம்மா பதில்கள்: கதவில் ஒட்டிய ஸ்டிக்கர்

கொரோனா பரவத் தொடங்கிய முதல் சில மாதங்களில் நம் மக்கள் நடந்துகொண்ட விதம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹட்டிகள் என்னும் படகர் ஊர்களிலும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் இவரை ‘நர்ஸம்மா’ என்றால்தான் தெரியும்.

கட்டபெட்டு வாசகர்: 2020 மார்ச் கடைசியில் எங்கள் ஊர் இளைஞர்கள் ரோட்டின் குறுக்கே சில்வர் ஓக் மரத்தை வெட்டிப் போட்டு, வெளியாள் யாரும் நுழையாமல் காவல் காத்தோம். முதல் சில மாதங்கள் ஊரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள் இப்போது “அது அநியாயம் அப்பா” என்கிறாள். நீங்கள் யார் பக்கம்?

பாதி உங்கள் பக்கம், பாதி பாப்பா பக்கம்.

நீங்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு நீலகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. மூச்சுத் திணறல் முற்றினால் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த வளைவுகளில் ஒரு நோயாளியைக் கொண்டுபோவது என்ன பாடு என்று எந்த ஆம்புலன்ஸ் டிரைவரை வேண்டுமானாலும் கேளுங்கள். அதனால் நோய் மேலே வரவே வேண்டாம் என்று ஊர் நினைத்ததில் தப்பில்லை. அரசாங்கமும் பர்லியாறு, குஞ்சப்பனை செக்போஸ்ட்களில் வண்டிகளை நிறுத்தி, காய்ச்சல் பார்த்து, பெயர் எழுதித்தானே விட்டது? அப்புறம் இ-பாஸ் வந்தது.

ஆனால் உங்கள் மரம் யாரை நிறுத்தியது? பெரிய கேட் போட்ட பங்களாக்களுக்குச் சமவெளியிலிருந்து வந்த கார்களை நான் பார்த்தேன். சென்னை, கோவை, பெங்களூரு எண்கள். அவர்களை யாரும் மறிக்கவில்லை, மறிக்கத் தைரியமும் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி மூடியதும் காய்கறி லாரியில் தொற்றி வந்து, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த நம் ஊர்ப் பையன்தான் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். பிரசவ வலி வந்த ஒரு பெண்ணை ஏற்றிய ஜீப்பும் இப்படி ஒரு மரத்துக்கு முன்னால் நின்றது. உங்கள் ஊர் இல்லை, வேறு ஊர். ஆள் கூப்பிட்டு மரத்தை நகர்த்துவதற்குள் அந்தப் பெண்ணின் மாமியார் போட்ட சத்தம் பள்ளத்தாக்குக்கே கேட்டிருக்கும்.

ஊருக்கு நோய் வராததற்கு மரம்தான் காரணம் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரம் போடாத பக்கத்து ஊர்களிலும் அந்த மாதங்களில் யாருக்கும் வரவில்லை. மார்ச் நடுவிலேயே சுற்றுலா இடங்களை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை, மலை ரயில் இல்லை, மே மாத மலர்க் கண்காட்சியும் இல்லை. ஊட்டிக்கு ஆளே வராதபோது கட்டபெட்டுக்கு யார் வரப்போகிறார்கள்?

குன்னூர் வாசகி: அந்த பிப்ரவரியில் கோழிக்கறியால் கொரோனா வரும் என்று என் மாமியார் சமையலறைக்குள் கோழியையே விடவில்லை. இப்போதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

உங்கள் மாமியார் மட்டுமா? நாமக்கல் பண்ணைக்காரர்கள் அந்த வதந்தியால் பட்ட நஷ்டம் கொஞ்சமில்லை. கோழி விலை அடிமட்டத்துக்குப் போனது. நான் அந்த மாதம் நிறையவே வாங்கினேன். நன்றாக வேகவைத்த கறியில் எந்த வைரஸும் உயிரோடு இருக்காது. உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், ஆனால் சிரிக்காமல் சொல்லுங்கள்.

நடுவட்டம் வாசகர்: கொரோனாவுக்கு மலேரியா மாத்திரை கேட்கும் என்று டிவியில் சொன்னதும், எங்கள் பக்கம் சிலர் மிச்சமிருந்த சின்கோனா மரத்தின் பட்டையைச் சீவிக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். அதில் கொஞ்சமாவது பலன் இருந்திருக்குமா?

இருந்திருக்காது. ஆனால் அவர்கள் யோசித்த வழி எனக்குப் புரிகிறது. மலேரியா மாத்திரை என்றால் சின்கோனா பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா (குயினைன்), கொய்னா என்றால் நடுவட்டம். 1860களில் வெள்ளைக்காரர்கள் தொட்டபெட்டாவிலும் உங்கள் ஊரிலும் சின்கோனா பயிரிட்டார்கள். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை அந்தத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். பின்னால் கொய்னா தொழிற்சாலையும் வந்தது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் “மருந்து நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறதே” என்று நினைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டிவியில் சொன்ன ஹைட்ராக்சிகுளோரோகுயின் வேறு. அது மரப்பட்டையிலிருந்து எடுப்பதில்லை, ரசாயனத் தொழிற்சாலையில் செய்வது. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதைச் சுகாதார ஊழியர்களுக்கும் நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கும் முன்தடுப்பாகச் சொன்னது. மற்றவர்கள் தாமாக வாங்கிப் போடக் கூடாது என்றுதான் உத்தரவு. ஆனால் மருந்துக் கடைகளில் அது காலியானது. மூட்டுவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் தினமும் அதையே நம்பி இருந்தவர்கள்தான் அலைந்தார்கள். ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் தன் ஆய்வில் அந்த மருந்தை நிறுத்தியது.

பட்டைக் கஷாயத்தில் கொய்னா எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வைத்தவருக்கே தெரியாது. அளவு மீறினால் காது இரையும், வாந்தி வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். குடித்தவர்கள் பிழைத்துக் கிடப்பதற்கு, அதன் கசப்பால் ஒரு மடக்குக்கு மேல் உள்ளே போகாததுதான் காரணமாக இருக்கும்.

ஊட்டி வாசகி: நீலகிரித் தைலம்?

சளிக்கு இதமாக இருக்கும், கொரோனாவைக் கொல்லாது. ஒரு உபகாரம் மட்டும் செய்தது. “நர்ஸம்மா, தைலம் தேய்த்தேன், வாசமே தெரியவில்லை” என்று லைன் வீட்டிலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினார். வாசனை தெரியாமல் போவதை அரசாங்கம் அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது ஜூன் மாதம்தான். அந்த அக்கா அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

அருவங்காடு வாசகர்: மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நாள், மாலை 5 மணி. மருத்துவ ஊழியர்களுக்காக எல்லோரும் கை தட்டினார்களே, நீங்கள் தட்டினீர்களா?

தட்டினேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தட்டோடும் கரண்டியோடும் வந்து நின்றால் சும்மா இருக்க முடியுமா? 14 மணி நேரம் வீட்டுக்குள் இருந்தால் வைரஸ் தானே செத்துவிடும், நாளை காலை எல்லாம் சரியாகிவிடும் என்று அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றியது. அதை நம்பி மறுநாளுக்குச் சாமான் வாங்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். 24ஆம் தேதி இரவு 21 நாள் ஊரடங்கு அறிவித்ததும் அவர்கள்தான் கடைக்கு ஓடினார்கள்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களோடு வேலை பார்த்த சின்னப் பெண் ஒருத்தி வாடகை வீட்டில் இருந்தாள். வீட்டு ஓனர் அந்த மாலை வாசலில் நின்று பலமாகக் கை தட்டினவர். சில நாள் கழித்து, “நீ ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாய், வேறு வீடு பார்த்துக்கொள்ளம்மா” என்றார்.

குந்தா வாசகர்: ஏப்ரலில் மார்க்கெட்டில் ஒரு குறிப்பிட்ட மதத்துக்காரர் கடையில் பழம் வாங்காதே என்று குரல் பதிவு சுற்றியது. படித்த நண்பர்களே அனுப்பினார்கள். ஏன் இப்படி?

வரிசையைப் பாருங்கள். ஜனவரி 30ஆம் தேதி கேரளத்தில் நாட்டின் முதல் நோயாளி. அந்த பிப்ரவரியில் சீனர் ஜாடையில் இருந்தவர்கள் எல்லாம் சந்தேகத்துக்கு ஆளானார்கள். ஓட்டலில் வேலை பார்த்த வடகிழக்குப் பையன்களைப் பார்த்து “கொரோனா” என்று கத்தினவர்கள் உண்டு. அவர்கள் சீனாவைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். மாதக் கடைசியில் டெல்லியில் நடந்த ஒரு மத மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள், அதை வைத்து ஒரு சமூகம் முழுவதும். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பிய கூலிக்காரர்கள். நாலைந்து மாதத்துக்குள் இத்தனை குற்றவாளிகள்! நம் சுகாதாரத் துறை சீக்கிரமே சுதாரித்துக்கொண்டு, தினசரி அறிக்கையில் டெல்லி மாநாட்டின் பெயரை விட்டுவிட்டு ‘ஒரே இடத் தொற்று’ என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தது. வாட்ஸ்அப்புக்கு அந்தச் சுதாரிப்பு வரவில்லை.

பழக்கடைக்காரரிடம் வாங்காததால் அவருக்கு நஷ்டம். அதோடு முடியவில்லை என்பதை அடுத்த கேள்விக்குச் சொல்கிறேன்.

கூடலூர் வாசகி: என் அண்ணன் பள்ளி ஆசிரியர். 2020இல் காய்ச்சல் வந்ததும் யாரிடமும் சொல்லாமல், மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அறைக்குள் படுத்திருந்தார். அம்மாவுக்கும் தொற்றியது. அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் அண்ணன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. படித்தவர் இப்படி மறைக்கலாமா?

கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் அண்ணன் அந்த அறைக்குள் படுத்துக்கொண்டு எதை நினைத்துப் பயந்திருப்பார் என்று பாருங்கள். நோயைவிட அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது வாசல்தான்.

சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு வேன் வரும். வெள்ளைக் கவச உடை போட்டவர்கள் இறங்குவார்கள். மேட்டுத் தெருவில் வரிசையாக நின்று போனில் படம் எடுப்பார்கள். கதவில் பெயர், தேதியோடு ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே’ என்று ஸ்டிக்கர் ஒட்டப்படும். சில ஊர்களில் தகரம் அடித்தே மூடினார்கள். மறுநாள் பால்காரர் வர மாட்டார். ஸ்டிக்கர் ஒட்டப் போனவர்களோடு நானும் போயிருக்கிறேன். பசை காய்வதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். அந்த வீட்டுக் குழந்தையோடு மாதக்கணக்கில் யாரும் விளையாடவில்லை என்று பின்னால் அதன் பாட்டி என்னிடம் அழுதார்.

இது புதிதும் இல்லை. 1897இல் புனேயில் பிளேக் வந்தபோது பட்டாளத்தை வீடு வீடாக அனுப்பிச் சோதனை போட்டார்கள். சனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், பிணத்தைக்கூட மறைத்தார்கள். கடைசியில் அந்தச் சோதனைக்குப் பொறுப்பாயிருந்த ராண்ட் என்ற அதிகாரியைச் சபேக்கர் சகோதரர்கள் சுட்டுக் கொன்றதில் போய் நின்றது. அதே வருஷம் போட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் 2020இலும் எடுத்து நீட்டினார்கள்.

இப்போது உங்கள் பாட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டுவார்கள். அதுவும் அறிவிப்புதான். வெளியாள் உள்ளே வர மாட்டார்கள், வீட்டாளும் விசேஷத்துக்குப் போக மாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை தனிமை. ஆனால் அந்த வீட்டைப் பார்த்து யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை. இளநீரும் மோரும் திண்ணைக்கு வந்துவிடும். படுத்திருப்பவருக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி, வேப்பிலை இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ‘இங்கே நோய் இருக்கிறது, தள்ளி நில்’ என்பதை அவமானம் இல்லாமல் சொல்ல நமக்கு ஒரு வழி இருந்தது. அதை விட்டுவிட்டு, ஜப்தி நோட்டீஸ் போல ஒரு தாளை ஒட்டினோம்.

நோயாளி வீட்டு வாசலில் இப்படி அறிவிப்பு ஒட்டக் கூடாது, பேரிடர் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் மட்டும் ஒட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதற்குள் எத்தனையோ பேர் காய்ச்சலை மறைத்து வீட்டுக்குள் படுத்துவிட்டார்கள். பழி சுமத்தப்பட்ட சமூகத்துக்காரர்கள் பரிசோதனைக்கு வரத் தயங்கினார்கள். குந்தா வாசகருக்கு நான் பாக்கி வைத்த பதில் இதுதான்.

அண்ணனிடம் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். அவர் செய்தது தப்பு என்றே சொல்லுங்கள், ஆனால் அன்றைக்கு உங்கள் தெருவில் யாருக்குப் பயந்தார் என்றும் கேளுங்கள்.

கோத்தகிரி வாசகர்: வேப்பிலையைப் புகழ்கிறீர்களா? எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலைத் தோரணம் கட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மூடநம்பிக்கை இல்லையா?

மஞ்சள் தண்ணீரால் யாருக்கும் கெடுதல் இல்லை, அதோடு கையையும் சோப்புப் போட்டுக் கழுவியவர்களிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது வேறு விஷயத்தில். நம் குளிருக்கு மேலே வேப்பமரம் சரியாக வளராது. அந்த இலை முழுவதும் கேரட் இறக்கிவிட்டு மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து திரும்பிய வண்டிகளில் வந்தது. கீழேயிருந்து எதுவும் மேலே வரக் கூடாது என்றவர்கள்தான் அதை வரவழைத்துக் கட்டினார்கள்.

குன்னூர் கல்லூரி மாணவி: நம் மலைக்கும் பழைய கொள்ளைநோய்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நீ தினமும் கடந்துபோகும் பாஸ்டர் ஆய்வகத்தைக் கேள் கண்ணு. 1907இல் வெறிநாய்க்கடி மருந்துக்காக ஆரம்பித்தது அது. 1957இல் ஆசிய ஃப்ளூ வந்தபோது இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா மையம் அங்கேதான் இருந்தது. அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலில் நோய் இறங்கியது. மையத்தின் தலைவர் ஐ.ஜி.கே. மேனன் அந்தப் பரவலைப் பற்றி எழுதிய கட்டுரை 1959இல் உலக சுகாதார நிறுவன இதழில் வந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், இறந்தவர்கள் 1,098 பேர் என்பது அரசுப் பதிவுக் கணக்கு.

அந்த வருஷம் லைன் வீடுகளில் ஒரே சமயத்தில் எல்லோரும் படுத்துவிட்டதால் கொழுந்து பறிக்க ஆளில்லை என்று என் அம்மா சொல்வார். யார் கொண்டுவந்தது என்று தேடினதாகச் சொன்னதில்லை. நம்மைவிட நல்லவர்களாக இருந்தார்கள் என்று நான் நம்பவில்லை. நோய் அவ்வளவு கொடூரமாக இல்லை, கையில் போனும் இல்லை.

கொடநாடு வாசகர்: இன்னொரு புது நோய் வந்தால் ஊர் முதல் நாளே செய்ய வேண்டியது என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரு வரியில் முடியாது ஐயா. சந்தேகம் வந்தால் 104க்கு போன் பண்ணிக் கேளுங்கள், குரல் பதிவைக் கேட்காதீர்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டைக் குறித்து வைத்து, யார் யார் வீட்டுக்கு எந்தப் பையன் சாமானும் பிரஷர் மாத்திரையும் கொண்டுபோய் வைப்பான் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் முக்கியமானது, ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டியது: காய்ச்சல் வந்தவர் தோட்டத்துக் கொழுந்தை யார் பறித்து எடை போட்டு வருவது, அவர் மாட்டை யார் கறப்பது? அரை ஏக்கர் வைத்திருப்பவர் இலை முற்றிப் போகும் என்று தெரிந்தால் நூறு டிகிரி காய்ச்சலோடும் கூடையை மாட்டிக்கொண்டு இறங்குவார். அதற்கு ஆள் முடிவானால் அவரே வந்து உங்களிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்.