அம்மாவின் ஸ்லைட்டைக் கணினிக்குக் காட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மார்பிலிருந்து பயொப்சி எடுத்தார்கள். புற்றுநோய், கிரேட் 2 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஹெர்-2 2+, கி-67 20 சதவீதம் என்றும் போட்டிருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, "ஸ்லைட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பு அக்கா, ஏஐயில் போட்டுப் பார்ப்பம், டொக்டர்மாரைவிட அது திறமாச் சொல்லும்" என்கிறான். அனுப்பலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: ஸ்லைட் என்பது இழையத்தின் மெல்லிய சீவலை ஒட்டிய கண்ணாடித் துண்டு. அதன் படத்தை அனுப்புவது பிறகு. அந்த ரிப்போர்ட்டில் இப்போது உங்களை அவசரப்படுத்த வேண்டியது 2+ என்ற ஒன்றுதான்.

ஹெர்-2 என்பது கலங்களை வளரத் தூண்டும் ஒரு புரதம். அதற்கான சோதனையில் புற்றுக் கலங்களின் மென்சவ்வைச் சுற்றிக் கபில நிறம் படிகிறதா என்று பார்க்கிறோம். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட கலங்களில் அது அடர்த்தியாக, முழு வளையமாகப் படிந்தால் 3+. 0, 1+ இரண்டும் "ஹெர்-2 இல்லை" என்ற பக்கம். 2+ நடுவில் நிற்பது. சாயத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. கணினியும் அதே கபில நிறத்தைத்தான் பார்க்கப் போகிறது. விடை மரபணுவில் இருக்கிறது. அதே இழையத்தில் ஃபிஷ் என்ற சோதனையைச் செய்து, ஹெர்-2 மரபணு கலத்துக்கு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ண வேண்டும். கூடுதலாக இருந்தால் சிகிச்சையில் ஹெர்-2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்து சேரும். ஆகவே அடுத்த கிளினிக்கில் முதல் கேள்வி, "ஃபிஷ்ஷுக்கு அனுப்பியாச்சா?" என்பதாக இருக்கட்டும்.

கி-67 விஷயத்தில் தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. பெருகிக்கொண்டிருக்கும் கலங்கள் நூற்றுக்கு எத்தனை என்பது அந்த எண். நுணுக்குக்காட்டியில் கண்ணால் மதிப்பிடும்போது ஒருவர் 15 என்பார், இன்னொருவர் 25 என்பார். இருவரும் கெட்டிக்காரர்களாகவே இருப்பார்கள். இதனால்தான் 2021இல் இந்தச் சோதனைக்கான சர்வதேச நிபுணர் குழு, 5 சதவீதமும் அதற்குக் கீழும், 30 சதவீதமும் அதற்கு மேலும் வரும் முடிவுகளையே உறுதியாக நம்பலாம் என்றது. உங்கள் அம்மாவின் 20 இடையில் விழுகிறது. ஆயிரக்கணக்கான கலங்களைச் சலிக்காமல் எண்ணுவது கணினிக்கு லேசு. ஆனால் எந்தக் கலத்தை எண்ண வேண்டும், எது வெறும் நிணநீர்க்கலம் என்று இடத்தைக் காட்டிக் கொடுக்க ஆள் வேண்டும்.

"டொக்டர்மாரைவிட" என்ற பேச்சுக்கு வேர் ஒன்று இருக்கிறது. கமலியன்16 என்ற போட்டியில், மார்பகப் புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று 129 ஸ்லைட்டுகளில் தேட வைத்தார்கள். நேரம் அளந்து பார்த்த 11 நோயியல் நிபுணர்களைச் சிறந்த கணினி நிரல் முந்தியது. 2017இல் வெளிவந்த அந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்: நேரக் கட்டுப்பாடின்றிப் பார்த்த ஒரு நிபுணர் நிரலுக்கு அருகில் வந்தார். அதற்கு அவர் சுமார் 30 மணித்தியாலம் எடுத்தார். அவ்வளவு நேரம் எந்த லாபில் யாருக்குக் கிடைக்கும்? கணினி தேவைப்படுவது அங்கேதான். களைத்த கண் தவறவிடக்கூடிய மூலையைச் சுட்டிக் காட்டும். 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த பேஜ் புரொஸ்டேட் என்ற நிரலின் வேலையும் அதுதான். சந்தேகமான இடத்தைக் காட்டும், முடிவு நிபுணருடையது. அது புரொஸ்டேட் பயொப்சிக்கு மட்டும், மார்பகத்துக்கு உதவாது.

போன் படம் எதற்கும் போதாது. முறையான ஸ்கேனர் ஒரு புள்ளிக்கு 0.25 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) என்ற அளவில் முழு ஸ்லைட்டையும் எடுக்கிறது. 15 மில்லிமீற்றர் நீள அகலத் துண்டென்றால் 60,000க்கு 60,000, அதாவது 360 கோடிப் புள்ளிகள். போனில் வருவது அதில் ஒரு மூலை, அதுவும் யாரோ தெரிந்தெடுத்த மூலை. தம்பி சொல்வது சாதாரண அரட்டைச் செயலி என்றால், ரிப்போர்ட்டிலுள்ள சொற்களை விளங்கிக்கொள்ள மட்டும் பாவியுங்கள்.

இன்னொன்று: மார்பக இழையம் 6 முதல் 72 மணித்தியாலம் வரை, இழையம் கெடாமல் காக்கும் போமலின் திரவத்தில் இருந்திருக்க வேண்டும். அதில் பிழை நடந்திருந்தால் சாயமே பொய் சொல்லும், எந்த நிரலாலும் திருத்த முடியாது.

இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். எந்த நல்ல நோயியல் நிபுணரும் கோபிக்க மாட்டார். கண்ணாடி ஸ்லைட்டுகளையும், இழையத்தைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு புளொக்கையும் பயொப்சி எடுத்த ஆஸ்பத்திரி லாபில் எழுத்தில் கேட்டு, கையெழுத்து வைத்து எடுங்கள். மார்பகப் புற்றை அன்றாடம் பார்க்கும் ஒரு நிபுணரிடம் முழு ரிப்போர்ட், மமோகிராம் முடிவு இரண்டோடும் கொடுங்கள். ரொறன்ரோவுக்கு ஸ்லைட்டின் ஸ்கேன் அனுப்புவதானால், லேபலில் அம்மாவின் பெயரும் இலக்கமும் படத்தில் விழாமல் மறைக்கச் சொல்லுங்கள். புளொக் ஒன்றுதான் இருக்கிறது, ஃபிஷ்ஷுக்கும் அதுவே வேண்டும். கடல் கடந்து அனுப்பாதீர்கள். காலி வீதி வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டும் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.