பல்லுக்கு ஏது தோல்?

கேள்வி: 'பை த ஸ்கின் ஆஃப் யுவர் டீத்' என்றால் மயிரிழையில் தப்பிப்பது என்று மகளின் புத்தகத்தில் போட்டிருக்கிறது. பல்லுக்கு ஏது தோல் என்று கேட்கிறாள், என்ன சொல்ல?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: பல்லுக்குத் தோல் கிடையாதுதான், மகள் கேட்டது சரியான கேள்வி. இது பைபிளில் யோபு சொல்வது, 19ஆம் அதிகாரம், 20ஆம் வசனம். பெற்ற பிள்ளைகள், சொத்து, உடம்பு சுகம் எல்லாம் போய் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிற மனுஷன், பற்களின் தோலோடு தப்பினேன் என்கிறார். எபிரேயத்தில் இருந்ததை 1560இல் வந்த ஜெனீவா பைபிள் சொல்லுக்குச் சொல் அப்படியே ஆங்கிலமாக்கியது, 1611இல் கிங் ஜேம்ஸ் பைபிளும் மாற்றாமல் வைத்துக்கொண்டது, அப்புறம் வீடு வீடாக வாசித்து வாசித்துப் பேச்சிலும் ஏறிவிட்டது. கடைசி நிமிஷத்தில் பஸ்ஸைப் பிடித்தவர்கூட இன்று இதைச் சொல்கிறார். மகளுக்கு அர்த்தத்தோடு யோபுவின் கதையையும் சொல்லுங்கள், மறக்கவே மாட்டாள்.

கேள்வி: வயதானவரை 'லாங் இன் த டூத்' என்கிறார்களே, வயதானால் பல் விழத்தானே செய்யும்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அது குதிரையின் பல். வயது ஏற ஏறக் குதிரைக்கு ஈறு பின்வாங்கிப் பல் நீளமாகத் தெரியும், அதனால் விலை பேசுமுன் வாயைத் திறந்து பார்ப்பார்கள். இனாமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்ற பழமொழியும் இதை வைத்துத்தான், ஆங்கில எழுத்தாளர் ஜான் ஹேவுட்டின் 1546ஆம் வருடப் பழமொழித் தொகுப்பில் இருக்கிறது. அதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் லத்தீனில் இதை எழுதி, ஊரில் வழங்கும் பழமொழி என்கிறார். நமக்கு இதே பழமொழி மாட்டை வைத்து இருக்கிறது: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே. தாத்தா சந்தையில் மாட்டின் கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்து 'இரண்டு பல்தான்' என்பார், அப்படியென்றால் வயது இரண்டு, இரண்டரை. எட்டுப் பல்லும் முளைத்துவிட்டால் அப்புறம் தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு.

கேள்வி: தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவதை 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்கிறார்களே, அது பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் கதையா?
(வாசகர், மதுரை)

பதில்: அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது உண்மை. 1794இல் கோர்சிகா தீவின் கால்வி முற்றுகையில் வலது கண் பார்வை போனது. 1801 கோபன்ஹேகன் போரில் மேலதிகாரி ஹைட் பார்க்கர் பின்வாங்கச் சொல்லிக் கொடி காட்ட, தொலைநோக்கியை அந்தக் கண்ணில் வைத்து 'எனக்குத் தெரியவில்லையே' என்றார் என்பது கதை. கொடிக்கு அடங்காமல் சண்டையைத் தொடர்ந்து ஜெயித்தது வரலாறு.