ஊதாச் சாயத்தைப் பெர்கின் கண்டுபிடித்தது வெறும் அதிர்ஷ்டமா?

பாதி அதிர்ஷ்டம்தான். 1856 ஈஸ்டர் விடுமுறையில், லண்டன் வீட்டிலிருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் வேதியியல் மாணவர் வில்லியம் ஹென்றி பெர்கின் செய்யப் பார்த்தது மலேரியா மருந்தான குயினைன். வயது 18. அனிலீன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தோடு பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார். கறுப்பு வண்டல்தான் மிஞ்சியது. ஆல்கஹால் ஊற்றினால், அது பளிச்சென்ற ஊதாவாகக் கரைந்தது. அவருடைய அனிலீனில் டொலுயிடின் என்ற இன்னொரு ரசாயனம் கலந்திருந்தது. சுத்தமான சரக்காக இருந்திருந்தால் இந்த நிறமே வந்திருக்காது!

மீதிப் பாதி முழுக்க அவர் உழைப்பு. பட்டுத்துணியில் தோய்த்துப் பார்த்து, ஸ்காட்லாந்தில் பெர்த் நகரச் சாயக்காரர்களுக்கு மாதிரி அனுப்பினார். அதே ஆண்டு காப்புரிமை வாங்கி, தன் பேராசிரியர் ஹாஃப்மன் தடுத்தும் கேட்காமல் படிப்பை விட்டார். அப்பா தன் சேமிப்பைப் போட, 1857இல் கிரீன்ஃபோர்டில் ஆலை எழுந்தது. அப்புறம்தான் உண்மையான தலைவலி. பட்டில் எளிதாக ஏறிய சாயம் பருத்தியில் ஒட்டவில்லை. தாவரங்களில் கிடைக்கும் டானின் என்ற பொருளை வைத்து அதை ஒட்டவைக்க வழி கண்டார். அனிலீனையும் நிலக்கரித் தாரில் கிடைக்கும் பென்சீனிலிருந்து தானே பெருமளவில் தயாரிக்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், சாயத்தைக் கண்டதைவிட இதுதான் பெரிய சாதனை.

1869இல் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்துக்கு அவர் காப்புரிமை கேட்டபோது, ஜெர்மானியர்கள் ஒரு நாள் முந்திக்கொண்டார்கள். 1874இல், 36 வயதிலேயே ஆலையை விற்றுவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1906இல் சர் பட்டம். மறு ஆண்டு காலமானார்.