விட்ட மூன்றாம் நாள்தான் கவனம்

வாசகர் கேள்வி – மருத்துவ பதில்

மது, வெற்றிலை, குளிசை பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

அப்பாவுக்கு வயது 56. இருபது வருடமாகத் தினமும் அரைப் போத்தல் சாராயம். போன கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரே நாளில் விட்டார். இரண்டு நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் இரவு லயத்துச் சுவரில் பூச்சி ஊருகிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். எங்களையே அடையாளம் தெரியவில்லை. காத்து சேட்டை என்று கோடாங்கியைக் கூப்பிட்டோம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் தேறினார். குடிக்கும்போது வராதது, விட்ட பிறகு ஏன் வந்தது? இந்த வருடமும் மாலை போடப் போவதாகச் சொல்கிறார்.
– பொகவந்தலாவை

மூளையில் நரம்புகளை அடக்கும் இரசாயனம் ஒன்று உண்டு, காபா என்று பெயர். கிளப்பிவிடுவது இன்னொன்று, குளூட்டமேட். சாராயம் முதலாவதற்குக் கை கொடுக்கிறது, இரண்டாவதை மடக்குகிறது. குடித்தவருக்கு வாய் குழறுவதும் கால் தள்ளாடுவதும் இதனால்தான். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. காபாவுக்கு மரத்துப்போகிறது, குளூட்டமேட் வாங்கிகளைக் கூட்டிக்கொள்கிறது. இருபது வருடம் இப்படிப் பழகிய மூளையிலிருந்து ஒரே நாளில் சாராயத்தை எடுத்துவிட்டால், அடக்குவதற்கு ஆளில்லாமல் கிளப்பும் பக்கம் மட்டும் ஓடுகிறது. உங்கள் அப்பாவுக்கு வந்தது அதுதான்.

இது வரும் நேரத்தை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணித்தியாலத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 மணித்தியாலம் தாண்டி, பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டி, ஆள் தெரியாத குழப்பமும் இல்லாத பூச்சி புழுவைக் காண்பதும் காய்ச்சலும் வரும். இந்த நிலைக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். முதல் இரண்டு நாளைத் தாண்டிவிட்டார் என்று வீட்டார் நிம்மதியாகும் நேரத்தில் இது வருவதுதான் பெரிய சிக்கல்.

ஆகவே மாலை போடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அவரை நுவரெலியா, கண்டி, பதுளை பெரியாஸ்பத்திரிகளில் ஒன்றின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போன முறை வந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஒருமுறை இப்படி வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரக்கூடும் என்பதால், அவரை வார்டில் வைத்தே விடச் செய்வார்கள். டயசிபாம் வகைக் குளிசையை முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது வழமையான முறை. இதைப் பாமசியில் வாங்கி வீட்டில் நீங்களே செய்யக்கூடாது. குளிசையின் மேல் சாராயமும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். டொக்டரைப் பார்க்கும் வரை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம்.

கூடவே வைட்டமின் பி1 எனப்படும் தயமின் ஊசி போடுவார்கள். நாட்பட்ட குடிகாரர்களின் உடம்பில் இது வற்றிப்போயிருக்கும். இந்த நிலையில் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி, கண் அசைவு, நடை, ஞாபகம் மூன்றும் பழுதாகலாம். தோட்ட டிஸ்பென்சரியில் சேலைன் ஏற்றச் சொல்லிக் கேட்கும்போதே, “தினமும் குடிப்பவர், நேற்றுத்தான் விட்டார்” என்று சொல்ல மறக்காதீர்கள்.

வீட்டில் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் எந்தச் சந்தியில் ஆள் நிற்பார் என்பதையும் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். கோடாங்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குடித்த பிறகு தேசிக்காய்த் தண்ணி, மோர், கோப்பி குடித்தால் வெறி இறங்குமா?
– தலவாக்கலை, ஆட்டோ சாரதி

இறங்காது. கோப்பி குடித்தால் தூக்கம் மட்டும் கலையும். வெறி அப்படியே இருக்கும், தெளிந்துவிட்டோம் என்ற நினைப்பும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் மதுசாரத்தைத்தான் எரிக்கும், அதை விரைவுபடுத்த வழியில்லை. 33.5 வீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர் கால் போத்தலுக்குள் ஏறத்தாழ 47 கிராம் இருக்கிறது, அது கழிய ஆறு மணித்தியாலம். அரைப் போத்தல் என்றால் பன்னிரண்டு. இரவு பத்து மணிக்கு அரைப் போத்தலை முடித்தவர், காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும்போதும் வெறியில்தான் இருக்கிறார்.

வீட்டுக்காரர் குடியை விடமாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரியாமல் கறியில் கலந்து கொடுக்க ஒரு பவுடர் இருக்கிறதாமே? பக்கத்து வீட்டு அக்கா வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.
– ராகலை

கொடுக்காதீர்கள். இப்படி ஒளித்துக் கொடுப்பவற்றில் பல டைசல்பிராம் என்ற குளிசையைப் பொடித்ததுதான். மூலிகை என்று எழுதி விற்பதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கோ உத்தரவாதமே இல்லை.

டைசல்பிராம் குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. குடித்த மதுசாரம் ஈரலில் முதலில் அசற்றல்டிஹைட் என்ற நஞ்சாகிறது, பிறகு ஒரு நொதியம் அதைத் தீங்கில்லாததாக மாற்றுகிறது. டைசல்பிராம் அந்த இரண்டாம் படியை அடைத்துவிடுகிறது. குளிசை உடம்பில் இருக்கும்போது குடித்தால் 10 முதல் 30 நிமிடத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் விழும். இருதய நோய் உள்ளவர் இதில் இறந்துபோகலாம். குளிசையை நிறுத்தி இரண்டு கிழமை வரை இந்த ஆபத்து நீடிக்கும்.

தெரிந்து விழுங்குபவர் இதற்குப் பயந்து குடிக்காமல் இருப்பார், மருந்து வேலை செய்வதே அந்தப் பயத்தில்தான். தெரியாமல் விழுங்குபவருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வரும்? சந்தியில் வழமைபோலக் குடித்துவிட்டுப் பாதையோரத்தில் விழுவார். ஆஸ்பத்திரியில் என்ன எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இருமல் பாணியில் உள்ள மதுசாரமும், ஆயுர்வேத அரிஷ்டத்தில் தானாகப் புளித்து ஊறும் மதுசாரமும்கூட இதைக் கிளப்பிவிடலாம்.

இதே குளிசை அவருடைய சம்மதத்தோடு நல்ல பலன் தரும். முதலில் ஈரலையும் இருதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். கடைசியாகக் குடித்து 24 மணித்தியாலமாவது கழிய வேண்டும். பிறகு தினமும் காலையில் மனைவி கையில் கொடுத்து, அவர் முன்னாலேயே விழுங்க வேண்டும். யாரும் பார்க்காமல் தானே எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். உண்மையாகவே ஆசையைத் தணிக்கும் வேறு மருந்துகளும் உண்டு, எது பொருந்தும் என்பதை மனநல மருத்துவர் சொல்வார். வீட்டுக்காரர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் பேசுங்கள்.

நுவரெலியாக் குளிருக்கு இரவில் ஒரு ஷொட் போடுவது உடம்பைச் சூடாக்கத்தானே?
– நானுஓயா

சூடாவது தோல் மட்டும். சாராயம் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே வந்து வீணாகிறது, உடம்பின் உள்வெப்பம் குறைகிறது. போதையில் பனியில் படுத்தவர் விறைத்துப்போவது அதனால்தான். தூக்கமும் முதல் பாதி இரவுக்கு மட்டுந்தான், விடியப்புறம் கண் விழித்துக்கொள்ளும்.

கொழுந்து பறிக்கிறேன். புகையிலை தொடுவதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வாய். மலையில் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. இப்போது சம்பல் பட்டால் வாய் எரிகிறது. கொட்டாவி விட்டால் கன்னம் இழுக்கிறது.
– அப்புத்தளை

இந்த மாதமே பல் டொக்டரிடம் போங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம்.

புகையிலை இல்லாவிட்டால் பிசகில்லை என்ற எண்ணம் மலையகம் முழுக்க இருக்கிறது, அது சரியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கை மட்டுமே தனியாக எடுத்து ஆராய்ந்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

துணை என்று நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு வாயைக் காரமாக்கி, அது கன்னத் தோல் வழியாகச் சட்டென்று இரத்தத்துக்குள் இறங்க வழிசெய்கிறது. சில நிமிடத்தில் முகத்தில் சூடேறும், வியர்க்கும், எச்சில் ஊறும், நெஞ்சு துடிக்கும், தூக்கம் கலையும், பசி மறக்கும். பழகாதவருக்குப் பச்சைப் பாக்கில் தலை சுற்றுவதும் இதே வேலைதான். நாளெல்லாம் மெல்லுபவர் ஒரு நாள் நிறுத்தினால் தலைவலி, எரிச்சல், சோம்பல் வரும். அப்போது ஒரு வாய் போட்டதும் தெம்பு வந்தது போலத் தெரிவது, பாதி அந்தக் குறை தீர்வதால்தான்.

எரிச்சலும் இழுப்பும் வேறு கதை. பாக்குச் சாறு கன்னத்தின் உட்தோலில் நார் படியச் செய்கிறது. தோல் வெளிறி, மரப்பட்டைபோல் விறைத்து, வாய் சிறுகச் சிறுக மூடிக்கொள்கிறது. நடு மூன்று விரலையும் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் திறப்பு பரவாயில்லை. இரண்டுதான் நுழைகிறது என்றால் நோய் முன்னேறிவிட்டது. படிந்த நார் திரும்பப் போகாது. ஆனால் இன்றே பாக்கை விட்டால் பெரும்பாலும் அந்த அளவிலேயே நிற்கும், எரிச்சலும் குறையும். விடாமல் மென்றால் சிலருக்கு இதுவே புற்றாக மாறுகிறது.

வெயில் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்து, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் அடியையும் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ திட்டு, வலியில்லாத புண், கட்டி எதுவாயிருந்தாலும் மூன்று கிழமையில் ஆறவில்லை என்றால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

விடுவதற்கு, முதலில் கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் தூங்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், பாக்கு அதிக நேரம் தங்குவது அப்போதுதான். பிறகு மடியில் வெற்றிலைப் பையே இல்லாமல் மலைக்குப் போங்கள். வாய்க்கு ஏலக்காய், கராம்பு, மல்லி எதையாவது முடிந்து வைத்துக்கொள்ளலாம். தலைவலியும் எரிச்சலும் முதல் சில நாள் கடுமையாக இருக்கும், பிறகு தணியும். பசிக்கு மட்டும் பதில் வெற்றிலையிலும் இல்லை, மல்லியிலும் இல்லை. காலை ரொட்டியைத் தவறவிடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் சிலர் மதன மோதகம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆயுர்வேத மருந்துதானே என்கிறார்கள். ஒருவன் வகுப்பிலேயே பயந்து நடுங்கினான்.
– அட்டன், ஆசிரியை

அதில் சேர்வது கஞ்சா. ஆயுர்வேதத்தில் அதற்கென்று அளவும் நோயும் உண்டு, கடையில் வாங்கி வாயில் போடுவதில் இரண்டுமே இல்லை.

புகைத்த கஞ்சா சில நிமிடத்தில் மூளைக்கு ஏறும். தின்றது ஈரல் வழியாகப் போய், அங்கே இன்னும் வலுவான ஒரு பொருளாக மாறிய பிறகே ஏறும். அதற்கு 30 நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் வரை பிடிக்கும். ஒன்று தின்றும் ஒன்றுமில்லையே என்று இரண்டாவதையும் மூன்றாவதையும் விழுங்குகிறார்கள். பிறகு எல்லாம் சேர்ந்து ஏறி ஆறு எட்டு மணித்தியாலம் இறங்காது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், செத்துப்போவேன் என்ற பயம் வரும், நேரம் நின்றுவிட்டது போலிருக்கும். வகுப்பில் நடந்ததும் இதுவாக இருக்கலாம்.

அப்படி வந்தால் கூட்டத்தை விலக்கி, வெளிச்சம் குறைந்த இடத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இது சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கோப்பி வேண்டாம். எழுப்ப முடியாத மயக்கம், நெஞ்சுவலி, நிற்காத வாந்தி இருந்தால் ஆஸ்பத்திரி. என்ன தின்றான் என்று நேராகச் சொல்லுங்கள், பாடசாலைப் பெயர் கெடும் என்று மறைத்தால் டொக்டர் தேவையில்லாத சோதனைகளில் நேரத்தைக் கழிக்க நேரிடும்.

குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் அந்தப் பிள்ளை கஞ்சாவைத் தொடவே கூடாது. இந்த வயதில் அடிக்கடி எடுப்பது அந்த நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது.

அம்மாயியின் நரம்பு வலிக்குக் கொடுத்த பிரிகபலின் குளிசைகள் குறைகின்றன. தம்பி சாராயத்தோடு எடுக்கிறான் என்று சந்தேகம்.
– பதுளை

பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள். இரண்டும் தனித்தனியாகவே மூளையை மந்தமாக்கும், சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மெதுவாகி நின்றுவிடலாம். போதையில் படுத்தவன் வழக்கத்துக்கு மாறாகக் கர்ர் என்று இழுத்துக் குறட்டை விட்டால், நல்ல தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். தட்டி எழுப்புங்கள். எழும்பாவிட்டால் பக்கவாட்டில் சரித்துவிட்டு உடனே 1990. பல மாதமாக எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்துவதும் வலிப்பைக் கொண்டுவரலாம், டொக்டர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவார்.

தேத்தண்ணியும் போதைதானா? விரத நாளில் குடிக்காவிட்டால் மண்டை பிளக்கிறது.
– கொட்டகலை

தேயிலையில் உள்ள கஃபீன் மூளையில் தூக்கத்தைக் கூட்டும் அடினோசின் என்ற பொருளை மறிக்கிறது. நிறுத்தி 12 முதல் 24 மணித்தியாலத்தில் தலையில் இரத்தக் குழாய்கள் விரிந்து வலி தொடங்கும், சில நாளில் போகும். விரதத்துக்கு முந்திய கிழமையிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்து வந்தால் வலி வராது. போதை என்று பயப்பட இதில் பெரிதாக ஒன்றுமில்லை. நாங்கள் கவலைப்படுவது வேறொன்றுக்கு: சாப்பாட்டோடு கடும் சாயத் தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் கர்ப்பிணிகள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணியோடோ விழுங்கிவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள்.