அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்புப் பயிற்சியாளர் தலைமைப் பயிற்சியாளர் அளவுக்குப் பெயர் வாங்க முடியுமா?

முடியும். பட்டி ரையனைப் பாருங்கள். சிகாகோ பியர்ஸ் அணியில் அவர் அமைத்த தற்காப்பு உத்தியின் பெயர் '46'. ஏதோ வியூகக் கணக்கு என்று நினைக்காதீர்கள். டக் பிளாங்க் என்ற வீரரின் சட்டை எண் அது! எட்டுப் பேரை முன்வரிசைக்கு அருகில் குவித்து, எதிரணியில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரரான குவாட்டர்பேக்குக்கு யோசிக்கவே நேரம் கொடுக்காமல் பாய்வதுதான் உத்தி. பின்னால் ஆள் குறைவு, ஆபத்துதான். ஆனால் பந்தை எறிய விட்டால்தானே?

1986 ஜனவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து அணியை 46-10 என்று நொறுக்கினார்கள். தலைமைப் பயிற்சியாளர் டிட்காவோடு ரையனையும் வீரர்கள் தோளில் தூக்கினார்கள்.

அப்புறம் ரையன் பிலடெல்பியா அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். 5 சீசன், சீசன் முடிவில் வரும் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றில் மொத்தம் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி.